பூச்சிக்காகக் காட்டிய ஓடைக்கரை

சென்ற ஐப்பசியில் எங்கள் பள்ளி ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ ஒரு வீடியோவைப் போட்டார்கள். ஈர மண்ணில் வட்டமாக ஒரு மூடி. அது விரல் நுழையும் அளவுக்குத் திறக்கிறது. உள்ளேயிருந்து ஒரு சிலந்தி பாய்ந்து, அந்தப் பக்கம் போன வண்டைக் கவ்விக்கொண்டு திரும்புகிறது. மூடி விழுந்துவிடுகிறது. பின்னால் தடதடவென்று ஏதோ இசை. கணக்கு டீச்சர் கும்பிடுகிற பொம்மையைப் போட்டார். தமிழாசிரியர் ‘இயற்கைதான் பெரிய இன்ஜினீயர்’ என்று எழுதினார். ‘என்ன மேடம், சயின்ஸ் உங்க சப்ஜெக்ட்டு, நீங்க பேசாம இருக்கீங்க?’ என்று ஒருவர் என்னைச் சீண்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குழுவிலிருந்து வெளியேறினேன். மறுநாள் காலையில் தலைமையாசிரியர் மறுபடி சேர்த்துவிட்டார்.

அந்தச் சிலந்தியை எனக்குத் தெரியும். எங்கள் குடும்பத்தைக் குலைத்த பூச்சி அது. பூச்சியின் மேல் ஒரு தப்பும் இல்லை என்பதும் தெரியும். தெரிந்தும் மனசு ஆறமாட்டேன் என்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் பிறந்தது கல்வராயன் மலையில். கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறி, பஸ் கடைசியாக நிற்கிற இடத்தில் இறங்கி, அங்கிருந்து ஒற்றையடிப் பாதையில் ஏறிப் போகவேண்டிய ஊர். இப்போது ரோடு போட்டுவிட்டார்கள். அப்போது கிடையாது. சாமை, மரவள்ளி, பருவத்தில் கொஞ்சம் புளியும் கடுக்காயும், இதுதான் பிழைப்பு.

இன்னொரு பிழைப்பும் இருந்தது. அதை மறைத்து எழுதி யாரை ஏமாற்றப் போகிறேன்? ஓடைக்கரையில் குழி தோண்டி பேரலைப் புதைப்பார்கள். வெல்லமும் மரப்பட்டையும் போட்டுத் தண்ணீர் ஊற்றி மூடி, மேலே மண்ணையும் சருகையும் பரப்பிவிடுவார்கள். இதுதான் ஊறல். நன்றாக ஊறியபின் எடுத்துக் காய்ச்சினால் சாராயம். பேரல் கொண்டுவந்து தருகிறவர்களும் சரக்கை எடுத்துப் போகிறவர்களும் கீழ்நாட்டுக்காரர்கள். புதைக்கிறதும் காய்ச்சுகிறதும் பிடிபட்டால் ஜெயிலுக்குப் போகிறதும் எங்கள் ஊர் ஆட்கள். அப்பா அதில் சேரவில்லை. ஒழுக்கம் என்று பெருமையடிக்க மாட்டேன், அந்த வாடை பட்டாலே அவருக்குக் குமட்டும். ஆனால் எந்த வளைவில் யார் பேரல் புதைந்திருக்கிறது என்று ஊரில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி அவருக்கும் தெரியும்.

நான் பன்னிரண்டாவது பரீட்சை எழுதிவிட்டு, விடுதியைக் காலி செய்துகொண்டு ஊருக்கு வந்திருந்த வருஷம் அது. ஒரு ஞாயிற்றுக்கிழமை புளி விற்கக் கீழே போன அப்பா, திரும்பி வரும்போது ஒருவரைக் கூட்டிவந்தார். கண்ணாடி போட்ட ஒல்லியான மனிதர். கள்ளக்குறிச்சியில் ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறவர், வேலை நிரந்தரமில்லை. பஸ் நிற்கிற இடத்து டீக்கடையில் உட்கார்ந்து, ‘ஓடைக்கரையில மூடி போட்ட பொந்து, அதுக்குள்ள ஒரு பூச்சி, யாராவது பாத்திருக்கீங்களா?’ என்று போகிறவர் வருகிறவரையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாராம். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாதான், “எங்க ஊரு ஓடையில கெடக்குது சார். சின்ன வயசுல புல்ல வுட்டு ஆட்டுவோம்” என்று சொல்லியிருக்கிறார். வந்த வினை இப்படித்தான் வந்தது, டீக்கடையில்.

ஊரில் அவருக்குப் பூச்சி சார் என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஞாயிறுதோறும் வருவார். அம்மா களி கிண்டிப் போட்டால் வாய் பேசாமல் சாப்பிடுவார். சாப்பிட்டு முடித்ததும் பூச்சியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். நானும் ஒருமுறை அப்பாவோடு ஓடைக்குப் போய்ப் பார்த்தேன். சார் ஒரு மெல்லிய தூரிகையால் கரையை வருடிக்கொண்டே போவார். எனக்கு வெறும் மண்ணும் பாசியும்தான் தெரிந்தது. ஓரிடத்தில் நிறுத்தி, ‘இங்க பாரும்மா’ என்று கத்தி முனையால் மெதுவாக நெம்பினார். பழைய எட்டணாவைவிடக் கொஞ்சம் பெரிய வட்டமாக மண் எழும்பியது. மூடியின் மேலே பாசி, அடியில் வெள்ளை நூல் நெய்த மாதிரி வழவழப்பு. ஒரு பக்கம் மட்டும் கீல் போல ஒட்டியிருந்தது. நெம்பினால் உள்ளேயிருந்து அது இழுத்துப் பிடித்துக்கொண்டது. அவ்வளவு சின்ன உயிர் எங்கள் மூன்று பேரையும் எதிர்த்துக்கொண்டு கதவை இழுத்துச் சாத்தப் பார்த்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் பாவமாக இருக்கிறது.

உள்ளே இருப்பது பொம்பளைப் பூச்சி என்றார் சார். பிறந்த கரையிலேயே, தாயின் குழிக்குப் பக்கத்திலேயே ஒரு சின்னக் குழி தோண்டிக்கொள்ளுமாம். வளர வளரக் குழியையும் மூடியையும் பெரிதாக்கிக்கொள்ளுமாம். பல வருஷம் வாழும், ஆனால் அந்தக் குழியை விட்டு வெளியே வராது. இருட்டுகிற நேரத்தில் மூடியைக் கொஞ்சம் தூக்கி முன்கால்களை வாசலில் வைத்துக் காத்திருக்கும், அவ்வளவுதான் அதற்கு வெளியுலகம். கோடையில் மூடியை நூலால் ஒட்டித் தைத்துக்கொண்டு உள்ளேயே கிடக்கும். ஆண் மட்டும் மழை பெய்ததும் குழியை விட்டுக் கிளம்பும், பெண்ணைத் தேடி அலையும், சீக்கிரம் செத்துப்போகும். அந்த ஆண் கிடைத்தால்தான் இது இதுவரை யாரும் எழுதாத இனம் என்று உறுதியாகச் சொல்லமுடியுமாம். சாருக்கு அது கிடைத்துவிட்டால் வாழ்க்கையே மாறிவிடும் என்று நம்பிக்கை. எந்தப் புத்தகத்திலும் அதற்குப் பெயர் இல்லை என்று அவர் சொன்னபோது, பெயரில்லாமலே இத்தனை காலம் நன்றாகத்தானே இருந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றியது.

எந்தக் குழியை எப்போது பார்த்தோம் என்று குழம்பாமல் இருக்க, ஒவ்வொரு குழிக்குப் பக்கத்திலும் ஒரு முளை அடிக்கவேண்டும் என்றார். அப்பா மூங்கிலைச் சீவி முளைகள் செய்து கொடுத்தார். சார் அவற்றில் சிவப்பு பெயிண்டால் நம்பர் எழுதினார், தலையில் சிவப்பு நூலைக் கட்டினார். காட்டுப் பச்சையில் சிவப்பு நூல் நன்றாகத் தெரியும் என்பது அவர் கணக்கு. அது உண்மைதான். நன்றாகவே தெரிந்தது.

பேரல்கள் புதைந்திருந்த வளைவுப் பக்கம் மட்டும் அப்பா அவரை நெடுநாள் விடவில்லை. பாம்பு இருக்கிறது என்றார், வழுக்கும் என்றார். சார் விடுகிற ஆள் இல்லை. நிழலும் ஈரமும் மெத்தென்ற மண்ணும் எங்கே இருக்கிறதோ அங்கேதான் அந்தப் பூச்சி கூட்டமாக இருக்கும். கரைமேல் பேரல் புதைக்கிறவர்களுக்கும் அதே மண்தான் தோது. கடைசியில் அப்பா, ‘அவரு கரையோட முகத்தத்தானே பாக்கறாரு, மேல ஏறவா போறாரு’ என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு அழைத்துப் போனார். அங்கே சாருக்குப் பொந்துகள் வரிசை வரிசையாகக் கிடைத்தன. ஒரு வாரத்தில் அந்த வளைவு முழுக்கச் சிவப்பு நூல்.

ஆவணியில் மழை பிடித்தது. ஒரு காலையில் சாராயப் போலீஸ் வந்தது. வழக்கமாக அவர்கள் நீளக் கம்பியை வைத்துக் கரை நெடுகக் குத்திப் பார்ப்பார்கள். பாதி நாள் ஒன்றும் கிடைக்காமல் திரும்புவார்கள். அன்றைக்கு நேரே வளைவுக்குப் போய், முளை அடித்த இடங்களைச் சுற்றித் தோண்டினார்கள். ஊறல் எல்லாம் அகப்பட்டது. பேரல்களை உடைத்து ஓடையில் கவிழ்த்தார்கள். ஊருக்குள் புகுந்து, கையில் கிடைத்த ஆண்களை வண்டியில் ஏற்றப் பஸ் நிற்கிற இடம்வரை நடத்திக் கூட்டிப்போனார்கள்.

உண்மையில் நடந்தது என்னவென்று பிறகு தெரிந்தது. கோர்ட்டில் ஒரு போலீஸ்காரர் எங்கள் ஊர் ஆட்களிடம், “புதைச்ச எடத்துக்கு நீங்களே நம்பர் போட்டு வெச்சிக்கினு, எங்களத் திட்டறீங்களே” என்று சிரித்திருக்கிறார். சிவப்பு நூலைக் காய்ச்சுகிறவர்கள் தங்களுக்காக வைத்த அடையாளம் என்று போலீஸ் நினைத்தது. யாரும் காட்டிக்கொடுக்கவில்லை. ஜாமீனில் வந்தவர்கள் ஊரில் இதை அப்படியே சொன்னார்கள். ஊர் திருப்பிக் கேட்ட கேள்வியும் நியாயமானதுதான்: நாம் வைக்காத நம்பரை யார் வைத்தது?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எதுவும் தெரியாமல் சார் வந்து நின்றார். ஊர்ப் பெரியவர் வாசலில் அவரை நிறுத்தி, போலீஸ் அனுப்பிய ஆளா என்று கேட்டார்கள். அந்த மனிதருக்குச் சமயோசிதம் என்பதே கிடையாது. பையிலிருந்து ஒரு கண்ணாடிக் குப்பியை எடுத்தார். உள்ளே அந்தக் கறுத்த சிலந்தி கால்களை மடக்கிக்கொண்டு ஸ்பிரிட்டில் மிதந்தது. “இதுக்குத்தாங்க வந்தேன். இத மட்டும்தான் தேடினேன்” என்று எல்லோருக்கும் காட்டினார். கூட்டத்தில் ஒரு அக்கா, “ஏன் சார், எட்டுக்கால் பூச்சியப் பாக்க எவனாவது கள்ளக்குறிச்சியிலேர்ந்து பஸ் ஏறி மலையேறி வருவானா? எங்களுக்கு இன்னா காது குத்தறியா?” என்றார். யாரும் சிரிக்கவில்லை. நான் வெளியாளாக இருந்தால் நானும் நம்பியிருக்கமாட்டேன். ஓடைக்கரையைப் பார்த்துவிட்டுப் போகிறேன் என்று சார் கெஞ்சினார். அப்பா அவரைக் கூட்டிப்போய்க் காட்டினார். கடப்பாரை போட்டதில் கரை முழுக்கச் சரிந்து கிடந்தது. குழியை இழந்த பெரிய பூச்சியால் இன்னொரு குழி தோண்டிப் பிழைக்க முடியாது என்று சொல்லிக்கொண்டே சார் மண்ணைக் கையால் கிளறினாராம், கண்ணில் தண்ணீர் விட்டாராம். அப்பா இதைச் சொன்னபோது எனக்கு ஆத்திரம்தான் வந்தது. ஜாமீன் கிடைக்காத எங்கள் ஊர் ஆண்கள் இன்னும் உள்ளே கிடக்கிறார்கள், இந்த மனிதர் சிலந்திக்கு அழுகிறார். அதன்பிறகு அவர் எங்கள் மலைக்கு வரவில்லை.

அப்பாவைச் சத்தியம் செய்யச் சொன்னார்கள். எங்கள் பக்கத்தில் அது பழைய முறை. கோயில் வாசலில் கல்லின் மேல் சூடம் கொளுத்துவார்கள். சத்தியத்தின் வார்த்தையை ஊர்ப் பெரியவர் சொல்வார். குற்றம் சாட்டப்பட்டவன் அதை அப்படியே திருப்பிச் சொல்லி, உள்ளங்கையால் அடித்துச் சூடத்தை அணைக்கவேண்டும். வார்த்தையைக் கூட்டவோ குறைக்கவோ அவனுக்கு உரிமை இல்லை. அணைத்துவிட்டால் அதற்குமேல் யாரும் ஒரு கேள்வி கேட்கமாட்டார்கள். அவன் பொய் சொல்லியிருந்தால் சாமி பார்த்துக்கொள்ளும். அது அவன் மேல் விழாது, அவன் பிள்ளைகள் மேல் விழும், வயிற்றில் இருக்கிற உயிர் மேல் முதலில் விழும் என்பார்கள்.

பெரியவர் சொன்ன வார்த்தை இது: “இந்த ஓடைக்கரைய வெளியாளுக்கு நான் காட்டல. காட்டியிருந்தா என் வம்சம் அத்துப் போவட்டும்.”

அப்பா கல்லுக்கு முன்னால் வந்து நின்றார். பிறகு, “கரையக் காட்னேனுங்களே. பூச்சிக்காகக் காட்னேன். பேரலக் காட்டல. பேரலக் காட்டலன்னு சொல்லி அணைக்கறேன்” என்றார்.

“காட்னியா, இல்லியா?”

“கரையக் காட்னேனுங்க.”

பெரியவருக்கே சங்கடமாகிவிட்டது. அவர் அப்பாவைத் தண்டிக்கத் துடித்தவர் இல்லை. ஒரு சூடத்தோடு விஷயத்தை முடித்துவிடத்தான் பார்த்தார். பக்கத்தில் இருந்தவர்கள்கூட, “யோவ், சொல்ட்டுப் போய்யா. இன்னாத்துக்கு இழுத்துக்கினு கெடக்கற” என்றார்கள். அப்பா கையை நீட்டவில்லை. சூடம் தானாக எரிந்து அணைந்தது. எங்கள் குடும்பத்தை ஒதுக்கிவைத்தார்கள். கடையில் சாமான் கிடையாது, பேச்சு கிடையாது, நல்லது கெட்டதுக்கு யாரும் யாருக்கும் போகக்கூடாது. என்றைக்கு அணைக்கிறாரோ அன்றைக்குச் சரியாகிவிடும்.

அப்பா அணைக்காததற்குக் காரணம் வீட்டுக்குள் இருந்தது. என் அக்கா தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். அவள் வீட்டுக்காரர் கேரளாவில் மிளகுத் தோட்டத்தில் வேலைக்குப் போயிருந்தார். பொய்ச் சத்தியம் செய்தால் அது நேரே அவள் வயிற்றில் போய் விழும் என்று அப்பா நடுங்கினார். இதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. நெருப்பைத் தொட்டால் சுடும் என்பதில் எனக்கு எப்படிச் சந்தேகம் இல்லையோ அப்படி.

எனக்கு அந்த வயதில் சாமியும் இல்லை, சத்தியமும் இல்லை. விடுதியில் அறிவியல் புத்தகம் படித்த திமிர் இருந்தது. தினமும் அப்பாவோடு சண்டை போட்டேன். “அக்காவுக்கு வலி வந்தா யாரு தூக்குவாங்க? நீ தூக்குவியா? நாலு ஆளு வாணாமா?” என்று கேட்பேன். எங்கள் ஊரில் நோயாளியைக் கீழே கொண்டுபோக ஒரே வழி தூளிதான். மூங்கில் கழியில் போர்வையைக் கட்டி, அதில் படுக்கவைத்து, நான்கு நான்கு பேராக மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு இறங்குவார்கள். ஊரே சேராமல் அது நடக்காது. அம்மா என்னைவிட மோசமாகக் கத்துவாள், பிறகு அழுவாள். அக்கா கத்தவில்லை. ஒருநாள் அவள் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து, “எம் மேல தானே வுழும்? வுழட்டும்ப்பா. நீ போயி அணைச்சிட்டு வா. எனக்கு பயமா கீது, ஆளுங்க இல்லாம” என்றாள். அப்பா எழுந்து காட்டுக்குள் போய்விட்டார். பொழுது சாயும்வரை வரவில்லை.

புரட்டாசி மழையில் ஒரு காலை அவளுக்கு வலி கண்டது. எங்கள் ஊரில் பிரசவம் பார்க்கிற கிழவி, ஊர்க்கட்டுக்குப் பயந்து பின்பக்கமாக வந்தாள். வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, “புள்ள குறுக்க கெடக்குது. என்னால ஆவாது. உடனே கீழ எறக்கிக்கினு போங்க” என்று சொல்லிவிட்டு, வந்த வழியே போய்விட்டாள். அவள் வந்ததே பெரிது. அவளை நான் குறை சொல்லமாட்டேன்.

அப்பா பெரியவர் வீட்டுக்கு ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். மழையில் வாசலில் நின்று கெஞ்சினார். பெரியவர் கதவைத் திறந்துகொண்டு வந்தார். “எனக்கு மட்டும் ஈரம் இல்லியா? இப்பவே கோயிலுக்கு வா. அணை. அந்த நிமிஷமே ஆளுங்கள அனுப்பறேன். அணைக்காம நான் ஒருத்தனுக்கு மட்டும் கட்ட அவுத்தா நாளைக்கு ஊரு எம் பேச்சக் கேக்குமா?” என்றார். அப்பா கோயில் இருக்கிற திசையைப் பார்த்தார். அவர் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். “வலியில துடிச்சிக்கினு கெடக்கறா. இப்பப் போயிப் பொய்ச் சத்தியம் பண்ணா அவ தாங்குவாளா?” என்று சொல்லிவிட்டு வீட்டுப் பக்கம் திரும்பி ஓடினார். நான் அவர் முதுகைப் பார்த்துக் கெட்ட வார்த்தையால் திட்டினேன். காதில் விழுந்திருக்கும்.

தூளிக் கழியின் முன்பக்கத்தை அப்பா தோளில் வைத்துக்கொண்டார். பின்பக்கம் நானும் அம்மாவும். ஊருக்கு நடுவே போனோம். எல்லாக் கதவுகளும் சாத்தியிருந்தன. கதவுக்குப் பின்னால் ஆட்கள் நிற்பது தெரிந்தது. சித்தப்பா வீட்டு வாசலைக் கடந்தபோது உள்ளே யாரோ அழுகிற சத்தம் கேட்டது, ஆனால் கதவு திறக்கவில்லை. மழையில் அந்தப் பாதை வெறும் சேறு. என் கால் வழுக்கும்போதெல்லாம் கழி ஒரு பக்கம் சாயும், அக்கா அம்மா என்று அலறுவாள். கொஞ்ச தூரம் போவோம், இறக்கி வைப்போம், மறுபடி தூக்குவோம். அப்பாவின் தோளில் சட்டை கிழிந்து ரத்தம் கசிந்தது. அவர் நிற்கவே இல்லை, நான்தான் நிற்கச் சொல்லிக் கத்தினேன். பாதியில் அக்கா அலறுவதை நிறுத்திவிட்டாள். அம்மா அவள் கன்னத்தைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டாள். பாதையோரத்து நெல்லி மரத்தடியில் இறக்கினோம். பஸ் நிற்கிற இடம் இன்னும் வெகுதூரம் இருந்தது. அங்கேயே அவள் போய்விட்டாள். பிள்ளை வெளியே வரவில்லை.

அம்மா மண்ணில் புரண்டு அழுதாள். நான் அழவில்லை. எனக்கு யாரையாவது அடிக்கவேண்டும் போலிருந்தது. அப்பாவை அடிக்கவேண்டும் போலிருந்தது. அவர் அக்காவின் முகத்தில் மழை விழாமல் துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவளை மேலே கொண்டுபோக எங்கள் மூன்று பேராலும் முடியாது. அங்கேயே விடவும் முடியாது. குழி வெட்டவும் ஆள் வேண்டும். ஊர் ஆட்கள் வேண்டும்.

பிறகு துண்டை அம்மாவிடம் கொடுத்துவிட்டு என்னிடம் வந்தார்.

“கண்ணு, உன்னக் கேட்டுட்டுத்தான் போவணும். இனிமே நீதான் ஒருத்தி கீற. அணைச்சா உம் மேலதான் வுழும். அணைக்கட்டுமா?”

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அவருக்கு அது வெறும் சடங்கு வார்த்தை இல்லை. இருக்கிற ஒரு மகளின் உயிரைக் கொடுத்து, செத்துப்போன மகளைத் தூக்க ஆள் கூட்டிவரட்டுமா என்று என்னிடமே அனுமதி கேட்கிறார். “அணைப்பா. போ” என்றேன்.

அவர் ஏறிப்போய் வெகுநேரம் கழித்து மேலேயிருந்து ஆள் சத்தம் கேட்டது. பாதை நெடுகக் குடைகளும் தலையில் கவிழ்த்த சாக்குக் கொங்காணிகளுமாக ஊரே இறங்கி வந்தது. பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு வந்தார்கள். பெரியவர் துண்டை வாயில் அழுத்திக்கொண்டு அழுதார். தூளியைத் தூக்க ஆண்கள் போட்டி போட்டார்கள், ஒரு கழிக்கு எட்டுத் தோள். காலையில் இதில் பாதிப் பேர் வந்திருந்தால்கூடப் போதும். யாரோ ஒரு அண்ணன் என் கையைப் பிடித்து, “அன்னிக்கே அணைச்சிருந்தா இன்னா, பாவி மனுஷன்” என்றார். நான் கையை உதறினேன். அப்பா எல்லோருக்கும் பின்னால் வந்தார். வலது உள்ளங்கை கறுத்துக் கொப்புளித்திருந்தது. அதை யார் கண்ணிலும் படாமல் மடக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

ஊர் முறைப்படி எல்லாம் செய்தது. குழி வெட்டினார்கள், சோறு கொண்டுவந்து கொடுத்தார்கள், பதினாறாம் நாள்வரை எங்கள் வீட்டு அடுப்பை எரிய விடவில்லை. அதன்பின் அப்பாவை ஆள்காட்டி என்று ஒருவரும் சொல்லவில்லை. சூடத்தை அணைத்துவிட்டாரே. அம்மா மட்டும் அவரோடு ஒரு வருஷம் பேசவில்லை. அதற்குப் பிறகும் தேவைக்குத்தான் பேசினாள்.

நான் கீழே வந்து படித்தேன், வேலையில் சேர்ந்தேன், கல்யாணம் செய்துகொண்டேன். அப்பாவின் பயம் என்னோடு கூடவே வந்தது. எனக்குக் காய்ச்சல் என்று தெரிந்தால் மலையிலிருந்து இறங்கிவந்து கட்டில் காலருகே உட்கார்ந்துகொள்வார். இரண்டு பிரசவத்துக்கும் ஆஸ்பத்திரி வாசலில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிடந்தார். பிள்ளைகள் நல்லபடியாகப் பிறந்ததைப் பார்த்தும் அவருக்கு நிம்மதி வரவில்லை. இன்னும் விழவில்லை, அவ்வளவுதான் என்று நினைத்தார். நான் வகுப்பில் காரண காரியம் நடத்துகிறவள். அவரிடம் எவ்வளவோ சொல்லிப்பார்த்தேன். குழந்தை குறுக்கே கிடந்ததற்கும் சூடத்துக்கும் சம்பந்தமில்லை என்றேன். “செரி கண்ணு” என்பார். எனக்கு ஒரு தும்மல் வந்தால் எழுந்து உட்கார்ந்துவிடுவார்.

அம்மா போனபிறகு அவரைக் கள்ளக்குறிச்சிக்கு என் வீட்டுக்கே கூட்டிவந்தேன். அவர் படுக்கையில் விழுந்த வருஷம் எனக்குக் கர்ப்பப்பையில் கட்டி என்று தெரிந்தது. எத்தனையோ பெண்களுக்கு வருவதுதான், எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று டாக்டர் சொன்னார். எனக்கும் அது தெரியும். ஆனால் அது எந்த இடத்தில் வந்திருக்கிறது என்று அப்பாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்பதும் தெரியும். விழுப்புரத்தில் டிரெயினிங் என்று சொல்லிவிட்டு ஆபரேஷனுக்குப் போனேன். அவரை என் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் பார்த்துக்கொண்டார்கள்.

நான் திரும்பி வந்தபோது அவருக்குப் பேச்சு குழறத் தொடங்கியிருந்தது. தையல் இன்னும் பிரிக்கவில்லை. வயிற்றுக்கட்டு தெரியாமல் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, குனியமுடியாமல் அவர் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். அவர் என் முகத்தை வெகுநேரம் பார்த்தார்.

“இளைச்சிட்ட கண்ணு. உனக்கு ஒண்ணும் இல்லியே?”

“ஒண்ணும் இல்லப்பா. உம் மேல சத்தியமா நல்லாத்தான் இருக்கேன்” என்றேன்.

அவருக்கு அது போதுமாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டார்.